பதினாறு அங்குலம்

"பிளக்கைப் புடுங்கு! யாராச்சும் அந்தப் பிளக்கைப் புடுங்குங்கய்யா!"

மச்சான் போட்ட சத்தத்தில் பட்டறையின் தகரக் கூரையே ஒருமுறை அதிர்ந்தது. பின்சுவருக்கும் வண்டிக்கும் நடுவே டிங்கர் நின்றுகொண்டிருந்தான். கையில் தகடு அறுக்கும் கிரைண்டர். அது நின்றபாடில்லை. அவன் தொடைக்கு நாலு விரல் தள்ளி, பல்லைக் கூசவைக்கும் சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்விட்சிலிருந்து கட்டைவிரலை எடுத்தால் போதும். அந்தக் கட்டைவிரல்தான் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கண் திறந்திருந்தது, வாய் திறந்திருந்தது, மூச்சு மட்டும் உள்ளே போனது போனதுதான். சுவர் நகர்ந்து வருகிறது என்று அவன் உடம்பு சொன்னது. செங்கல் சுவர் நகராது என்று புத்தி சொன்னது. உடம்புதான் ஜெயித்தது.

சீட் தைக்கும் மூலையிலிருந்து அவன் மனைவி எழுந்து ஓடிவந்தாள். மடியிலிருந்த ரெக்ஸின் துண்டுகள் வழியெல்லாம் சிதறின. பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். கிரைண்டர் முனகிக்கொண்டே அடங்கியது. பிறகு நேராக அந்தச் சந்துக்குள் நடந்து வந்தாள். பக்கவாட்டில் திரும்பி நுழையவில்லை, தோளைக் குறுக்கவில்லை, கடைத்தெருவில் போகிறவள் மாதிரி கை வீசி நடந்தாள். அவள் ஒன்றும் ஒல்லிக்குச்சி இல்லை. அவள் தோளுக்கும் சுவருக்கும் நடுவே வெளிச்சம் தெரிவதை டிங்கர் பார்த்தான். பார்த்தும் நம்பவில்லை.

"ஏங்க, என்னைப் பாருங்க. செவுத்தைப் பார்க்காதீங்க. என் மூஞ்சிய மட்டும் பாருங்க."

கிரைண்டரைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அரை மணி நேரம் ஆனது. வெளியே கொண்டுவந்து டயர் மேல் உட்காரவைத்ததும் மச்சான் சொம்புத் தண்ணீரை நீட்டினார். கூடவே வாயையும் நீட்டினார்.

"மாப்ளே, ரெண்டடி இடம் இருக்குய்யா அங்க. ஒரு எருமை உள்ள போயி, யோசிச்சுப் பாத்து, திரும்பி வெளிய வரலாம். நீ என்னடான்னா சிலையா நின்னுட்ட. இந்த லட்சணத்துல மலை மேல வண்டி ஓட்டப் போறியாம்!"

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருக்கியா?" என்றாள் அவள். மச்சான் சும்மா இருந்தார். தங்கை குரல் அந்த மாதிரி தணிந்தால் அவர் சும்மாதான் இருப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வரை வண்டிக்கு அடியிலேயே குடித்தனம் நடத்தியவன் டிங்கர். மல்லாந்து படுத்துக்கொண்டே சாப்பிடுவான், அங்கேயே குட்டித் தூக்கம் போடுவான். ஒருநாள் ஜாக்கி வழுக்கியது. பின் ஆக்ஸிலுக்கும் தரைக்கும் நடுவே நாலு மணி நேரம் கிடந்தான். ஒடிந்த ரெண்டு விலா எலும்பும் கூடிவிட்டன. உள்ளே வேறென்னவோ ஒடிந்தது கூடவில்லை. குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடமாட்டான். முடிவெட்டும் கடையில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டவிடாமல், சட்டையெல்லாம் மயிரோடு வீட்டுக்கு வருவான். தகட்டைக் கண்ணளவில் ஒரு நூல் பிசகாமல் வெட்டுகிற ஆள் அவன். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்தக் கண், இடம் குறுகியது என்று தெரிந்துவிட்டால் கூசாமல் பொய் சொல்லும். நாலடிச் சந்து ஒன்றரை அடியாகத் தெரியும். பொய் என்று அவனுக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

வண்டிக்கு அடியில் போகாத மெக்கானிக்கை வைத்துக்கொண்டு மச்சான் என்ன செய்வார்? உதிரிபாகக் கவுன்டரில் உட்காரவைத்தார். மூன்று பக்கம் அலமாரி, முன்னால் கண்ணாடி, கண்ணாடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு அரைவட்ட ஓட்டை. வருகிறவர்கள் எல்லாரிடமும் அறிமுகம் வேறு: "நம்ம மாப்ளே. இந்தச் சுத்துவட்டாரத்துலயே இவரு மாதிரி டிங்கர் கிடையாது. இப்போ போல்ட்டு எண்ணுறாரு." சொல்லிவிட்டு அன்பாகத்தான் சிரிப்பார். அந்த அன்புதான் டிங்கருக்குத் தொண்டையில் சிக்கியது. திட்டினால் திருப்பித் திட்டலாம். சோறு போட்டு, வீடு கொடுத்து, தோளில் தட்டிக்கொடுக்கிற ஆளை என்ன செய்வது?

அந்த அரைவட்ட ஓட்டை வழியாகத்தான் ஒருநாள் மேல்குடியிருப்புத் தலைவர் பைக் செயின் கேட்டார். மலை மேல் நூற்றைம்பது வீடுகள். அங்கே போக ஒரே வழி, ரெண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே இருக்கும் இடுக்கு. எண்பதடி நீளம், தரை முழுக்க உருட்டுக் கல், கல்லுக்கு மேல் கணுக்கால் தண்ணீர். பைக்கும் தலைச்சுமையும்தான் போகும். "நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குற வண்டி ஒண்ணை மேல கொண்டு வந்துட்டா, ஏத்து எறக்கு வேலை பூராவும் அந்த ஆளுக்குத்தான்" என்றார் தலைவர். "பட்டறை வைக்க ஒரு கொட்டகையும் இருக்கு. நாலு பக்கமும் செவுரே கிடையாது, மழை வந்தா கொஞ்சம் அடிக்கும்."

டிங்கருக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. நாலு பக்கமும் சுவரே இல்லாத கொட்டகை. அன்றைக்குப் பூராவும் எண்ணிய போல்ட்டை மறுபடி மறுபடி எண்ணினான்.

மச்சானிடம் கேட்டான். அவர் கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியைக் கைகாட்டினார். முன்னால் கேபின், பின்னால் திறந்த தொட்டி, நாலு சக்கர இழுவை, ஆறடி எட்டங்குல அகலம். "எடுத்துக்க. மேல ஏறிடுச்சுன்னா வண்டி உனக்கு, ராஜாவா இரு. ஏறலேன்னா கண்ணாடிக்குள்ள வந்து உக்காந்துரு. அப்புறம் மலை, கொட்டகைன்னு வாயைத் திறக்கக் கூடாது. காலத்துக்கும்."

இடுக்கை அளந்துவர அவனால் முடியாது என்பது ரெண்டு பேருக்கும் தெரியும். அவன் மனைவி போய் அளந்து வந்தாள். ஏழடி. பக்கத்துக்கு ரெண்டு அங்குலம் மிச்சம். மட்கார்டு விளிம்பைச் சீவிவிட்டு, கண்ணாடிகளைக் கழற்றிவிட்டால் போதும், ஒரு மாத வேலை என்று கணக்குப் போட்டுத்தான் அன்றைக்குக் கிரைண்டரோடு சுவரோரம் போனான். போனவன் கதைதான் மேலே சொன்னது.

எட்டாவது நாள் அவள் யாரிடமும் சொல்லாமல் மறுபடி மலைக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கவுன்டர் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள்.

"அளவு தப்புங்க."

"எது?"

"நான் கொண்டுபோன டேப்புல முதல் அடி ஒடிஞ்சிருக்கு. பன்னெண்டுலேருந்துதான் ஆரம்பிக்குது. கவனிக்காம படிச்சிட்டேன். ஏழு இல்ல, ஆறு."

பட்டறையில் அந்த டேப்பை அறியாதவர் கிடையாது. எப்போதோ சக்கரத்தில் மாட்டி முதல் அடி போய்விட்டது. புது டேப் வாங்க மச்சானுக்கு மனசு வராது. யார் அளந்தாலும் ஓரடி கழித்துச் சொல்வது அங்கே பழக்கம். டிங்கர் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பதினெட்டு வருடமாகச் சீட் தைக்கிறவள். உட்காருகிற ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறவள்.

"நீயா கழிக்க மறந்த?"

அவள் உள்ளங்கையிலிருந்த மெஷின் எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மறந்துட்டேன்" என்றாள்.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு அடிய அப்படியே முழுங்கிட்டு வந்திருக்கா என் தங்கச்சி! போச்சு மாப்ளே, மலை போச்சு. நாற்காலிக்குப் புதுக் குஷன் தைக்கச் சொல்லவா?"

ரெண்டு நாள் டிங்கர் கண்ணாடி வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வந்தான். போனட்டில் தொடங்கி, கேபின் கூரை மேலேறி, தொட்டியின் பின்கதவு வரைக்கும் ரெண்டு கோடு கிழித்தான். கோட்டுக்குக் கோடு பதினாறு அங்குலம்.

"நடுவுல இதை உருவிடப் போறேன்" என்றான்.

மச்சானின் சிரிப்பு பாதியில் நின்றது.

சொல்வதற்கு ஒரு வரி. செய்வதற்குப் பதினாலு மாதம். பகலெல்லாம் கவுன்டர், விடிகாலையிலும் விடுமுறையிலும் வண்டி. கூரையை வெட்டினான், தரைத் தகட்டை வெட்டினான், போனட்டைப் பிளந்தான். நடுத்துண்டை உருவி எடுத்த அன்றைக்கு வண்டி ரெண்டு பாதியாக, சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பி மாதிரி, ஒன்றையொன்று பார்க்காமல் நின்றது. சேர்த்துவைத்துப் பற்றவைத்தால் தகடு சூட்டில் முறுக்கிக்கொண்டது. வெட்டி மறுபடி பற்றவைத்தான். அடிச்சட்டமான சேஸின் குறுக்குச் சட்டங்களைக் குட்டையாக்கியபின் இன்ஜின் உட்கார இடம் போதவில்லை. மூன்று தடவை ஏற்றி இறக்கினான். வளைந்த முன்கண்ணாடியை வெட்ட முடியாது என்று கடைக்காரர்கள் கையை விரித்ததால், தட்டைக் கண்ணாடியை ரெண்டு துண்டாக்கி நடுவில் சட்டம் கொடுத்துப் பொருத்தினான். அடியில் வேலை வரும்போது மற்றவர்கள் படுப்பார்கள்; அவன் பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கைக் கட்டி மொத்த வண்டியையும் பக்கவாட்டில் சாய்த்துவிடுவான். ஒவ்வொரு வெல்டுக்கும் ஒரு வண்டியைக் கவிழ்க்கிற மெக்கானிக்கை உலகத்திலேயே முதல்முறையாகப் பார்க்கிறேன் என்று மச்சான் எல்லாரிடமும் சொன்னார். ஆனால் சாய்க்கும்போது சங்கிலியின் மறுமுனையை அவரேதான் வந்து பிடித்தார்.

ஆக்ஸிலைக் குட்டையாக்கிக் கொடுத்த கடைசல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அகலத்தைக் குறைச்சிட்ட. உயரம் அப்படியே இருக்கு. சரிவுல ஒரு பக்கம் சாஞ்சா குப்புற அடிச்சிரும்ப்பா. ஒருத்தன் ஒத்தைக் கால்ல நிக்கிற மாதிரி இது" என்றார். டிங்கர் பேட்டரியை, மாற்றுச் சக்கரத்தை, டீசல் டாங்கியை எல்லாம் முடிந்த மட்டும் கீழே இறக்கினான். அவர் சொன்னதை வீட்டில் சொன்னபோது அவன் மனைவி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "நெஜமாவே கவுந்துருமா?" என்றாள். கவிழாது, பார்த்து ஓட்டுவேன் என்றான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு "சாதம் போதுமா?" என்று கேட்டாள்.

மழைக்காலத்துக்கு முன் வண்டி ஐந்தடி நாலங்குலத்துக்கு வந்து நின்றது. ஆறடி இடுக்கில் பக்கத்துக்கு நாலு அங்குலம் மிச்சம். ஒடுங்கிய முகமும் பெரிய சக்கரமுமாக, பட்டினி கிடந்த தவளை மாதிரி இருந்தது. புறப்படுகிற அன்று காலையில் அவள் கேபினின் ரெண்டு பக்கக் கண்ணாடிக்கும் கறுப்பு ரெக்ஸினில் தைத்த திரையை மாட்டினாள். முன்னால் மட்டும்தான் தெரியும்.

"பந்தயக் குதிரைக்குக் கட்டுற மாதிரி இருக்குடி."

"குதிரை ஜெயிக்குதுல்ல? உள்ள போனதும் பக்கத்துல எதையும் பார்க்காதீங்க. நான் முன்னாடி நடக்குறேன். என் கையை மட்டும் பாருங்க."

மச்சான் வாசலில் நின்றார். கேலி ஏதாவது வரும் என்று டிங்கர் காத்திருந்தான். "நாற்காலியத் துடைச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டார். கேட்ட குரலில் கேலி பாதிதான் இருந்தது. மற்ற பாதி என்னவென்று அவருக்கே தெரிந்திருக்காது.

இடுக்குக்குக் கொஞ்சம் முன்னால் பாதை வலப்பக்கமாகச் சரிந்தது. கீழே பள்ளம். முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்த வண்டி, பாதிச் சரிவில் ஒரு கல்லில் ஏறியது. இடப்பக்கச் சக்கரங்கள் ரெண்டும் தரையை விட்டு எழுந்ததை டிங்கர் முதுகெலும்பில் உணர்ந்தான். ஸ்டீரிங் காற்றைப் பிடித்தது போல லேசானது. கடைசல்காரர் சொன்ன ஒத்தைக் கால். "குதி! இறங்கிக் குதி!" என்று பக்கத்துச் சீட்டைப் பார்த்துக் கத்தினான். அவள் இடப்பக்கக் கதவைத் திறந்தாள், குதிக்கவில்லை. கூரைக் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்து, படியில் கால் ஊன்றி, மலைப்பக்கமாக மொத்த உடம்பையும் வெளியே சாய்த்துத் தொங்கினாள். வண்டி ஒரு நொடி யோசித்தது. பிறகு தடாலென்று நாலு காலில் உட்கார்ந்தது.

சரிவைத் தாண்டி நிறுத்தியதும் பார்த்தான். அவள் உதடு வெளுத்துப்போயிருந்தது. அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான்" என்றாள்.

"நீதான்டி காப்பாத்துன. பைத்தியமா உனக்கு?"

அவள் இறங்கி முன்னால் நடந்தாள்.

இடுக்கு வாயைத் திறந்துகொண்டு நின்றது. அவன் பார்வையில் அதற்கு வாயே இல்லை, ஒரு கீறல்தான் இருந்தது. இதற்குள் ஒரு பைக் எப்படிப் போகும் என்று நினைத்தான். தன் கண் பொய் சொல்லும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். திரையை இழுத்துவிட்டான். முன்னால் தண்ணீரில் பின்னோக்கி நடந்தபடி அவள் கை மட்டும் அசைந்தது. வா. வா. இடது. இன்னும் இடது. எதற்கு இடப்பக்கமே ஒதுக்குகிறாள்? நாலு அங்குலம்தானே இருக்கிறது? இடப்பக்கத் தகட்டில் பாறை உரசி நறநறவென்றது. அப்போதும் அவள் கை இடது என்றே சொன்னது. சொன்னபடி ஒடித்தான். நாற்பதடி வந்திருப்பான். சூரியன் அணைந்து, கேபினுக்குள் ஈர இருட்டு நிறைந்தது. முன்சக்கரம் ஒரு குழியில் இறங்க, தண்ணீர் அடித்தட்டில் அறைந்த சத்தம் கேட்டது. இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

சாவியைத் திருகினான். டிக். மறுபடி டிக். கீழே இறக்கிவைத்த பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அவனுக்கு உடனே புரிந்தது. அதுதான் அவன் கடைசியாக ஒழுங்காக யோசித்தது. அதன் பிறகு யோசனை கிடையாது. இந்தப் பக்கம் நாலு அங்குலம், அந்தப் பக்கம் நாலு அங்குலம். நாலு அங்குலத்தில் கதவு திறக்காது. முன்கண்ணாடி ரெண்டு துண்டு. ஒரு துண்டு வழியாகத் தலைகூட நுழையாது என்று கண் சொன்னது. தானே அளந்து, தானே வெட்டி, தானே பற்றவைத்து, பதினாலு மாதம் தூக்கம் கெட்டு, தன் அளவுக்கு ஒரு பெட்டி செய்து அதற்குள் தானே வந்து உட்கார்ந்திருக்கிறான். விலா எலும்புகளில் அந்தப் பழைய எடை ஏறி உட்கார்ந்தது. ஸ்டீரிங்கிலிருந்து விரல்கள் வரவில்லை. கவுன்டர் நாற்காலியின் நினைவு வந்தது. அது இப்போது மைதானம் மாதிரி இருந்தது.

முன்னால் அவள் கை இல்லை. அவளே இல்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்.

"ஏங்க."

குரல் வலப்பக்கத்திலிருந்து வந்தது. அவன் காதுக்கு ஒரு முழம் தள்ளி, கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம். கூடவே கதவுத் தகட்டை விரல் முட்டியால் தட்டும் சத்தம். ரெண்டு தட்டு.

நாலு அங்குல இடத்தில் ஒரு மனுஷி எப்படி நிற்க முடியும்?

"கதவைத் திறங்க."

"திறக்காது…"

"திறக்கும்ங்க. தள்ளுங்க."

ஒரு விரலைப் பிரித்தான். அப்புறம் இன்னொன்று. கைப்பிடியைத் திருகி, தோளைக் கொடுத்துத் தள்ளினான். இரும்பு பாறையில் இடிக்கும் சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். நாலு அங்குலம் வந்தது, போனது. சத்தம் கேட்கவில்லை. முதலில் வெளிச்சம் ஒரு கோடாக வந்தது. அப்புறம் தண்ணீருக்குள் அவள் பாதம், நனைந்த புடவைக் கரை. பின்னால் இன்னும் தள்ளிப் பாறை. அவள் கதவுக்கு வழிவிட்டு ஒரு எட்டு நகர்ந்து நின்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

"அன்னைக்குச் செவுத்தோரம் உங்க விரலைப் பிரிச்சு எடுத்தவ நான்தானே? வெட்டாத பெரிய வண்டியும் இதுக்குள்ள போயிருக்கும்ங்க. ஆனா நடுவுல நின்னுட்டா கதவு திறந்திருக்காது." புடவைக் கரையைப் பிழிந்தாள். "டேப்புல ஓரடி இல்லேன்னு முதல் தடவையே எனக்குத் தெரியும். கழிச்சிட்டுத்தான் ஏழுன்னு சொன்னேன். ஏழுதாங்க. ரெண்டாவது தடவை போனப்ப நான் அளக்கவே இல்ல."

அவன் ஒரு காலை வெளியே நீட்டினான். அது தண்ணீரைத் தொடாமல் அப்படியே நின்றது. வண்டி சாய்ந்திருந்ததால் கதவு அவன் தள்ளாமலே, மெல்ல, இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டு போனது.